கொக்குக்குப் போட்ட யானை வெடி

அன்று காலை, காவலர்களை விட்டால், மட்டக்களப்பு விமான நிலையத்தில் இருந்தவர்கள் இவ்வளவு பேர்தான்: எனக்கு விமானம் ஓட்டப் பழக்கிய மேடம், விமானத்தைப் பராமரிக்கும் மெக்கானிக் அண்ணன், கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் கடமையில் இருந்த அலுவலர், கம்பி வேலிக்கு வெளியே மோட்டார் சைக்கிளில் சாய்ந்துகொண்டு நின்ற என் அப்பா, பிறகு நான். வராதவர்கள் இரண்டு பேர். அம்மா குவைத்தில் இருந்தார். அம்மாவின் தம்பி, என் மாமா, ஓடுபாதையின் மேற்கு முனைக்கு அப்பால் தன் வயலில் விதைப்பு வேலையில் இருந்தார். மாமா வரவில்லை என்று சொல்வதுகூடச் சரியில்லை. அன்று நடந்ததில் பெரும்பங்கு அவருடையதுதான்.

போன வருடம் சித்திரை வருடப்பிறப்பு முடிந்து சிறுபோக விதைப்பு நடந்துகொண்டிருந்த நேரம். கொழும்பிலுள்ள ஒரு பறப்புப் பள்ளி இரண்டு பேர் இருக்கக்கூடிய சின்ன விமானம் ஒன்றை எங்கள் ஊருக்குக் கொண்டுவந்து, சில வாரங்கள் வைத்துப் பழக்கியது. எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முழுதாக முடித்த முதல் ஆள் நான். முதலில் விமானம் ஏறிய ஆள் அம்மா. ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர், வீட்டு வேலைக்காகக் குவைத்துக்குப் பறந்தார். அவர் அனுப்பிய காசில்தான் நான் பறக்கப் பழகினேன்.

பறப்புப் பயிற்சியில் ஒரு நாள் வரும். மேடம் பக்கத்தில் இல்லாமல், நானே தனியாக மேலே ஏறி, ஒரு சுற்றுச் சுற்றி, நானே இறக்க வேண்டும். அது முடிந்தால்தான் அடுத்த கட்டம். அந்த வாரத்தோடு விமானம் கொழும்புக்குத் திரும்புகிறது. அதற்குள் தனியாக ஏறி இறங்காவிட்டால் கொழும்பில் பல மாதம் கூடுதலாக அறை எடுத்துத் தங்கி மிச்சத்தைப் படிக்க வேண்டும். அம்மா இன்னுமொரு வருடத்துக்கு ஒப்பந்தம் போட வேண்டியிருக்கும். இதை அம்மா என்னிடம் சொல்லவில்லை. நானும் அவரிடம் சொல்லவில்லை. இரண்டு பேருக்கும் தெரியும்.

இதற்கு ஒரு கிழமைக்கு முன் மாமா எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். மீன் முள்ளை எடுத்தபடி கேட்டார்.

“மருமகன், அதுக்குள்ள இருக்கக்குள்ள உனக்குப் பயமே இல்லையா?”

கொஞ்ச நாள் படித்தவனுக்கு இருக்கிற முழுத் திமிரோடும் நான் விளக்கம் கொடுத்தேன். எஞ்சின் நின்றாலும் விமானம் கல்லுப் போல விழாது, மிதந்துகொண்டு வரும், வெட்டவெளியான இடம் பார்த்து இறக்கலாம், மழைக்கும் பயமில்லை, காற்றுக்கும் பயமில்லை என்று அடுக்கினேன்.

“அப்ப ஒண்டுக்கும் பயமில்ல எங்கிறாய்?”

“ஒண்டுக்கு மட்டும் பயம் மாமா. பறவைக்கு. இறங்கக்குள்ள ஒரு கொக்கு வந்து அடிச்சாலே காணும், முன் கண்ணாடி போயிரும்.”

மாமா மெல்லுவதை நிறுத்தினார்.

“கொக்கா? கொக்குத்தானே? அத நான் பாத்துக்கொள்ளுறன். நீ உன்ட வேலயப் பாரு.”

நாங்கள் எல்லோரும் சிரித்தோம். அவர் சிரிக்கவில்லை என்பதை அன்று நான் கவனிக்கவில்லை.

அந்தக் காலையில் மேடத்தோடு மூன்று தடவை ஏறி இறங்கினேன். மூன்றும் நன்றாக அமைந்தன. முதலில் தரைக்காற்று மேற்கே இருந்து வீசியதால் நகரத்துப் பக்கமாக வந்து இறங்கினோம். பிறகு வெயில் ஏற ஏறக் கடற்காற்று தொடங்கியது. ஓடுபாதையோரத்துக் காற்றுப் பை மெல்லத் திரும்பி மறுபக்கம் நீட்டி நின்றது. விமானம் எப்போதும் காற்றுக்கு முகம் கொடுத்துத்தான் இறங்க வேண்டும். அதனால் இனி மேற்கே போய், வயல்களுக்கு மேலாக வந்துதான் இறங்க வேண்டும்.

மேடம் எஞ்சினை நிறுத்தச் சொல்லவில்லை. கதவைத் திறந்து இறங்கினார். தன் ஆசனத்துப் பெல்ட்டை இழுத்துப் பூட்டினார். அவர் சிங்களப் பெண். மட்டக்களப்புக்கு வந்த பிறகு கடையிலும் ஓட்டோக்காரரிடமும் கேட்டுப் பழகிய தமிழில், எஞ்சின் சத்தத்துக்கு மேலால் கத்தினார்.

“நான் இல்லாட்டி பிளேன் லேசு. சுறுக்கா மேல போகும். பயப்படாத. ஒரு ரவுண்ட். வா, தேத்தண்ணி குடிப்பம்.”

அவர் சொன்னது உண்மைதான். விமானம் என்னைக் கேளாமலே தரையை விட்டு எழும்பியது போல இருந்தது. கல்லடிப் பாலம் ஒரு சின்னக் கோடாகக் கீழே போனது. தெற்கே குருக்கள்மடம் பக்கம் வரைக்கும் வாவி வெயிலில் தகடு போலக் கிடந்தது. பக்கத்து ஆசனத்தைப் பார்த்தேன். வெறும் பெல்ட். நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். பயத்தில் வந்த சிரிப்பில்லை. இதை என்னால் செய்ய முடியும் என்று என் கைக்கும் காலுக்கும் தெரிந்திருந்தது. வேறு எந்த இடத்திலும், பரீட்சை மண்டபத்தில்கூட, எனக்கு அப்படி ஒரு உறுதி இருந்ததில்லை.

மேற்கே போய்த் திரும்பினேன். கீழே எங்கள் வட்டை. வட்டை என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே தொடராகக் கிடக்கும் பெரிய வயல்வெளி. பாதி உழுது தண்ணீர் நிரம்பிக் கிடந்தது, பாதி மட்டப்படுத்தி மினுங்கியது. உழவு மிசின் ஒன்று நின்றுகொண்டிருந்தது. அதைச் சுற்றி, கடதாசியைக் கிழித்து எறிந்தது போலக் கொக்குகள். நான் பதறவில்லை. மேடம் சொல்லித் தந்திருந்தார்: இருக்கிற பறவையால் ஆபத்தில்லை, அதன்பாட்டில் மேயட்டும், அதற்கு மேலால் நீ போய்விடலாம்.

ஓடுபாதை நேரே வந்தது. வேகம் சரி. உயரம் சரி. வாயால் சொல்லிச் சொல்லிச் சரிபார்த்துக்கொண்டு இறங்கினேன்.

அப்போது வரம்பில் ஒரு வெள்ளைப் புகை வெடித்ததைக் கண்டேன். சத்தம் எனக்குக் கேட்கவில்லை. அடுத்த கணம் வட்டை எழும்பியது. அப்படித்தான் சொல்ல வேண்டும். கீழே வெள்ளையாகக் கிடந்தது முழுவதும் ஒரே விரிப்பாகக் கிளம்பி, என் மூக்குக்கு நேரே வந்தது.

என் கை என்னைக் கேட்கவில்லை. எஞ்சின் விசையை முழுதாக முன்னால் தள்ளியது. எஞ்சின் அலறியது. விமானம் மூக்கைத் திடீரென்று மேலே தூக்கப் பார்த்தது. மூக்கு அளவுக்கு மிஞ்சி எழும்பினால் வேகம் செத்து விமானம் விழும். இரண்டு கையாலும் அமர்த்திப் பிடித்தேன். பயந்த பறவை அனேகமாகக் கீழேதான் பாயும், நீ மேலே போ என்று மேடம் சொன்னது ஞாபகம் வந்தது. மேலே போனேன். கண்ணாடியின் அடி விளிம்பால் சிறகுகள் சறுக்கிக்கொண்டு போயின. ஒரு கொக்கின் கால்கள் இரண்டும் பின்னால் நீட்டியிருந்ததை இப்போதும் கண்ணை மூடினால் காணலாம். ஒன்றும் படவில்லை.

மேலே ஏறும்போது இடப்பக்கம் பார்த்தேன். வரம்பில் ஒரு ஆள் சால்வையை வீசி வீசி எனக்குக் கைகாட்டிக்கொண்டு நின்றார். பக்கத்தில் மிசின். அதற்குப் பூப்போட்ட படுக்கை விரிப்பால் கூரை. வட்டையில் அப்படிக் கூரை கட்டிய மிசின் ஒன்றே ஒன்றுதான் உண்டு.

எனக்கு எல்லாம் விளங்கியது.

வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில் இரவில் யானை வயலுக்குள் இறங்கும். துரத்துவதற்கு யானை வெடி கொடுப்பார்கள். ஒன்று வெடித்தால் வீட்டு ஓடு குலுங்கும். மாமா அதைத்தான் கொக்குக்குப் போட்டிருக்கிறார். “மகன் தனிய ஏறிட்டான்” என்று அப்பா சந்தோசத்தில் போன் பண்ணிச் சொல்லியிருக்கிறார். மாமா மிசினை நிறுத்திவிட்டு எனக்கு வழி துப்புரவாக்கியிருக்கிறார்.

வானொலியில் கோபுரம் கூப்பிட்டது. நாங்கள் ஆங்கிலத்தில் கதைத்ததைத் தமிழில் சொல்கிறேன்.

“மேற்குப் பக்கம் வெடிச் சத்தம். உமக்குச் சேதம் ஏதுமா?”

“சேதமில்லை. பறவைகள். இறங்காமல் மேலே வந்துவிட்டேன். அது யானை வெடி. வைத்தவரை எனக்குத் தெரியும்.”

கோபுரம் மறுபடி கேட்டது.

“எப்படித் தெரியும்?”

“என்னுடைய மாமா.”

இந்த மண்ணில் வெடிச் சத்தம் கேட்டால் எல்லோருக்கும் முதலில் வேறு நினைவுதான் வரும். காவலுக்கு நின்றவர்கள் அதற்குள் மேற்கு வாசலுக்கு ஓடத் தொடங்கியிருந்தார்கள். வேலிக்கு வெளியே அப்பா தலையில் கைவைத்துக்கொண்டு குந்திவிட்டார் என்று பிறகு மெக்கானிக் அண்ணன் சொன்னார்.

பிறகு மேடத்தின் குரல் வந்தது. தேத்தண்ணிக் கடையில் கதைப்பது போல ஆறுதலாக இருந்தது. எரிபொருள் எவ்வளவு என்று கேட்டார். நிறைய இருக்கிறது என்றேன். வாவிக்கு மேலால் சுற்றிக்கொண்டிரு, அவசரமில்லை என்றார். மறுபக்கமாக இறங்கலாம்தான். ஆனால் காற்று முதுகில் தள்ளும், ஓடுபாதை முடிந்தும் விமானம் நிற்காமல் போகலாம். முதல் தடவை தனியே வருபவனுக்கு அது வேண்டாம் என்றார். கடைசியில் ஒரு கேள்வி கேட்டார்.

“உனக்கு என்ன தோன்றுகிறது?”

அவர் அப்படிக் கேட்டிருக்காவிட்டால் நான் சொல்லியிருக்க மாட்டேன். வாவிக்கு மேலால் வளைந்துகொண்டே வட்டையைப் பார்த்தேன். எழும்பிய கொக்குகள் போகவில்லை. நான் இறங்க வேண்டிய வழியிலேயே சுற்றிக்கொண்டிருந்தன. அவை எங்கே போகும்? சேற்றைக் கிளறுகிற மிசின் எங்கேயோ, புழுவும் பூச்சியும் அங்கேதான், கொக்கும் அங்கேதான். மிசினுக்குப் பின்னால் நடந்து வளர்ந்தவன் நான். மிசின் கிறுகித் திரும்பினால் கொக்கும் கிறுகும். இப்போது மிசின் நிற்கிறது, அதனால் அவை வானத்தில் நிற்கின்றன.

“மாமாவைப் பிடிக்க வேண்டாம் என்று காவலர்களிடம் சொல்லுங்கள்” என்றேன். “மிசினை வயலின் தெற்குக் கரைக்கு ஓட்டச் சொல்லி அப்பாவிடம் சொல்லுங்கள். அங்கே சேற்றில் சுற்றட்டும். நான் இறங்கும்வரை நிறுத்த வேண்டாம். தயவுசெய்து இன்னொரு வெடி வைக்க வேண்டாம்.”

மேடம் ஏன் என்று கேட்கவில்லை. மெக்கானிக் அண்ணனை வேலிக்கு ஓடவிட்டார். மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் பூப்போட்ட விரிப்பு அசைந்தது. ஒரு வரம்பில் ஏறி இறங்கி, அடுத்த வரம்பில் ஏறி இறங்கி, தெற்கே போனது. அங்கே வட்டமாகச் சுற்றத் தொடங்கியது. முதலில் இரண்டு மூன்று வெள்ளைப் புள்ளிகள் அதன் பின்னால் இறங்கின. பிறகு ஒரு கூட்டம். பிறகு எல்லாமே, பந்திக்கு இலை போட்டதைக் கண்டவர்கள் போல, அந்த மூலைக்கு ஒதுங்கி இருந்தன.

என் வழி வெளித்திருந்தது. திரும்பவும் மேற்கே போய், நேரே வந்தேன். ஒரு சின்னத் துள்ளல் துள்ளிச் சக்கரம் தரையைப் பிடித்தது. தனியாக நான் இறக்கிய முதல் விமானம்.

தனியாகப் பறந்து வந்தவனின் தலையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றுவது இந்தத் தொழிலின் வழக்கம். மெக்கானிக் அண்ணன் வாளியோடு நிற்க, மேடம் வாங்கி என் தலையில் கவிழ்த்தார். சரியாக அந்த நேரத்தில் காவலர்களின் பிக்கப் வந்து நின்றது. பின்னால் இருந்து, முழங்கால் வரை சேறோடு மாமா இறங்கினார். நான் சொட்டச் சொட்ட நிற்பதைக் கண்டு பதறிப்போனார்.

“என்ன மனே, ஆத்துக்குள்ளயா விழுந்தனீ?”

“இல்ல மாமா. இது சந்தோசத்துக்கு.”

“சந்தோசத்துக்கா? நல்ல சந்தோசம்!”

மேடம் இடுப்பில் கைவைத்துக்கொண்டு அவர் முன்னால் போய் நின்றார்.

“நீங்கதானா அந்த மாமா?”

“ஓம் மேடம்.”

“ஏன் வெடி போட்டது?”

“கொக்கு இருந்திச்சு மேடம். கொக்கெண்டா ஆவாது எண்டு இவன்தான் சொன்னவன்.”

“கொக்கு இருந்தா பிரச்சின இல்ல மாமா. பறந்தாதான் பிரச்சின.”

மாமா என்னைப் பார்த்தார். பிறகு மேடத்தைப் பார்த்தார். வாழ்க்கையில் யாரும் தனக்குச் சொல்லாத ஒன்றைக் கேட்டவர் போல நின்றார்.

“அப்ப எங்களுக்கு நேர்மாறா இரிக்கு” என்றார். “எங்களுக்கு வயலுக்குள்ள இருக்கிறதுதான் கரச்சல். எழும்பிட்டா வேல முடிஞ்சிது.”

காவலர்களின் பொறுப்பாளர் முகத்தைக் கடுமையாக வைத்துக்கொண்டு, இன்னும் வெடி இருக்கிறதா என்று கேட்டார். மாமா சாரத்து மடியை அவிழ்த்து இரண்டை எடுத்து நீட்டினார். எல்லோரும் ஒரே நேரத்தில் பின்னால் போனோம்.

“இது யானைக்குத் தாறதுதானே?”

“ஓம் ஐயா. கொக்குக்கு எண்டு தனியா ஒண்டும் தாறல்ல.”

பொறுப்பாளர் திரும்பி நின்று இருமினார். அது இருமல் இல்லை என்று தோளைப் பார்த்தாலே தெரிந்தது. விசாரித்து, எழுதி, இனி விமான நிலையத்துப் பக்கம் வெடி என்ற பேச்சே இருக்கக் கூடாது என்று கண்டித்து மாமாவை விட்டார்கள். மேடம் என் பறப்பைச் சரி என்று பதிந்து கையொப்பமிட்டார். அன்றிரவு அம்மாவிடம் சொன்னபோது, வெடிக் கதையைச் சொல்லவில்லை. மாமா சொல்லிவிட்டார். அதற்குப் பிறகு அம்மா அவரைப் பேசிய பேச்சை நான் இங்கே எழுத முடியாது.

நானும் ஒன்று படித்துவிட்டேன் என்று அப்போது நினைத்தேன். எனக்குத் தெரிந்ததில் பாதியைப் பெருமைக்காக ஒருவரிடம் சொன்னால், மிச்சப் பாதியை அவர் தன் அனுபவத்தால் நிரப்பிக்கொள்வார். அன்புள்ளவர் என்றால் உடனே செய்தும் விடுவார். இப்போது வீட்டில் எதைச் சொன்னாலும் முழுதாகச் சொல்கிறேன். இந்த அனுபவம் இதோடு முடிந்தது என்றுதான் இருந்தேன்.

அடுத்த கட்டம் படிக்கக் கொழும்புக்குப் போன நான், கிட்டத்தட்ட மூன்று மாதம் கழித்து மேடத்தோடு கொழும்பிலிருந்து மட்டக்களப்புக்குப் பறந்து வந்தேன். வட்டைக்கு மேலால் வரும்போது எங்கும் கதிர் பழுத்து மஞ்சளாகக் கிடந்தது. மாமாவின் வயலில் தெற்கு மூலை மட்டும் பச்சையாக இருந்தது. நோய் விழுந்துவிட்டதோ என்று நினைத்தேன். இறங்கியதும், வேலிக்கு வெளியே நின்ற அப்பாவிடம் அதைத்தான் முதலில் கேட்டேன்.

“அதுவா?” என்று அப்பா சாதாரணமாகச் சொன்னார். “அது உன்ட கொக்குக்குக் குடுத்த இடம்.”

எனக்கு விளங்கவில்லை.

“அது விதைச்ச துண்டு மகன். முதல் நாள் பின்னேரம் நானும் அவரும்தான் விதைச்ச நாங்க.”

மேலே இருந்து பார்த்தவனுக்கு எல்லாம் ஒரே சேறு. முளைகட்டிய நெல்லை வீசி ஓரிரவுதான் ஆகியிருந்த நிலத்தில், இரும்புச் சக்கரம் பூட்டிய மிசினை வட்டம் வட்டமாக ஓட்டச் சொல்லியிருக்கிறேன். ஒரு முளை மிஞ்சியிருக்காது.

“நீங்க ஏன் எனக்குச் சொல்லல்ல?”

“எங்க சொல்லுற? நீ மேல நிக்கிறாய்.”

“மாமா என்ன சொன்னவர்?”

அப்பா யோசித்தார். “நான் போன் எடுத்துச் சொன்னன், மச்சான், புள்ள சொல்லுது, மிசினத் தெக்குக் கரைக்கு ஓட்டட்டாம். தெக்குக் கரைக்கா எண்டார். ஓம் எண்டன். சரி எண்டார். அவ்வளவுதான். போன வெக்கக்குள்ளயே மிசின் சத்தம் கேட்டிச்சு.”

விதைநெல் கிடைக்கப் பிந்தி, அந்தத் துண்டை திரும்பவும் உழுது விதைக்க இரண்டு கிழமைக்கு மேல் ஆகிவிட்டதாம். மாமாவிடம் போனேன். நான் வாயைத் திறக்க முன்னரே, “மற்றதெல்லாம் வெட்டின பிறகு வெட்டுவம், அவ்வளவுதானே” என்று சொல்லிவிட்டு, விமானத்தில் பின்னுக்குப் போகக் கியர் உண்டா என்று கேட்டார்.

இப்போது ஒவ்வொரு தடவை சக்கரம் தரையைத் தொடும்போதும், நான் தனியாகவே இறக்கியதாகப் பதிந்திருக்கும் அந்த முதல் இறக்கத்தில் எத்தனை பேருடைய கை இருந்தது என்று நினைத்துக்கொள்கிறேன்; மறு உழவும் விதைநெல்லும் நான் மேலதிகமாகப் பறந்த அரை மணி நேரமும் எல்லாம் சேர்த்து, அதற்கு எங்கள் இரண்டு வீட்டுக்கும் ஆன செலவு முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.